வெறுமையாய் வந்த தூக்குச்சட்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆமை வந்து வாசலில் நின்று மணியடித்தபோது, பிரகாசி பயணப் பெட்டியின்மேல் உட்கார்ந்து அதன் வாயை மூடப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள், பிறக்கப்போகும் பிள்ளைக்காகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கிய வேட்டித் துணிகள், வசம்பு, பிரசவ லேகியத்துக்கு வேண்டிய மருந்துச் சாமான்கள், சின்னதாக ஒரு மாதா படம். நாகர்கோவிலில் இருக்கும் மகள் டெல்பினுக்குத் தலைப்பிரசவம். மருமகன் கப்பலில் இருந்தான். எந்தத் துறைமுகமும் அந்தக் கப்பலை உள்ளே விடவில்லை. நோய்க்குப் பயந்து ஊருக்கு ஊர் வேலி போட்டிருந்த அந்த நாட்களில், எத்தனையோ தடவை கேட்டு, எத்தனையோ தடவை இல்லையென்று சொல்லப்பட்டு, கடைசியில் பிரகாசிக்கு ஒரு பயண அனுமதி கிடைத்திருந்தது. மறுநாள் காலை வண்டி ஏறினால் உண்டு, தவறினால் தவறியதுதான்.

ஆமை என்பது அந்தத் தூத்துக்குடிக் குடியிருப்பில் மாடிக்கு ஒன்றாக ஆளில்லாமல் ஊர்ந்து திரிந்த சிறு வண்டி. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் வேறு. அது யாருக்கும் நினைவில் இல்லை. ஒரு வீட்டுப் பொருளை வயிற்றில் வாங்கி, நீராவியில் குளிப்பாட்டி, எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும். நோய் கண்டு பூட்டப்பட்ட வீட்டுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் நடுவில் வாரம் ஒரு பாத்திரம் போய்வரலாம் என்று சட்டம் அந்த அளவுக்கு இடம் கொடுத்திருந்தது.

பிரகாசி ஆமையின் முதுகைத் திறந்து தன் தூக்குச்சட்டியை எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். நன்றாகக் கழுவித் துடைத்த வெறும் சட்டி. அதைக் கையில் பிடித்தபடி எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள். இரும்புத் தகடு இறக்கிப் பூட்டியிருந்த அந்தக் கதவின் நெற்றியில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்தது. பச்சை என்றால் உள்ளே இருப்பவர் நலம். உயிருக்கு ஆபத்தென்றால் அவர் உள்ளிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கி அதைச் சிவப்பாக்கலாம்.

எதிர்வீட்டில் இருந்தது சண்முகவடிவு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கணவன் போன பிறகு தனிக்கட்டை. சுத்த சைவம் என்பதால், மீன் வாடையே படாத இந்தத் தூக்குச்சட்டியை அவளுக்கென்றே பிரகாசி தனியாக வைத்திருந்தாள். வடிவக்கா வாயைத் திறந்தால் குறைதான் சொல்வாள். லிஃப்ட் கதவை ஏன் ஒழுங்காகச் சாத்தவில்லை, ஜெபப்பாட்டை ஏன் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறாய் என்று ஆரம்பித்தால் எளிதில் ஓயாது. ஆனால் வந்த பாத்திரத்தை ஒருநாளும் அவள் வெறுமையாகத் திருப்பியதில்லை. கொடுத்தவள் வீட்டுக்கு வெறும் பாத்திரம் போகக் கூடாது. ஒரு பிடி அரிசியோ, ஒரு துண்டு வெல்லமோ கிடந்தாக வேண்டும். அதுவும் இன்றைக்கு, மகள் பேறுகாலத்துக்குப் புறப்படுகிறேன் என்று சீட்டெழுதி வைத்து அனுப்பிய சர்க்கரைப் பொங்கல். பேறுகாலத்துக்குப் போகிறவளுக்கு வெறும் பாத்திரமா? வடிவக்கா உயிரை விட்டாலும் செய்யமாட்டாள்.

அந்த நினைப்பு வந்ததும் பிரகாசி இதற்கு முன் வந்தவற்றை விரல்விட்டு எண்ணினாள்.

வீடு பூட்டப்பட்ட முதல் வாரம் சட்டியில் பனங்கற்கண்டு வந்தது. பிறகு பச்சரிசி. பிறகு கொஞ்சம் உளுந்து. அப்புறம் எலுமிச்சை அளவு புளி. அதற்கடுத்து கடுகும் ஒற்றை வற்றலும். போன வாரம் நாலு கல்லுப்பு. "வடிவக்காவுக்கு வரவரக் கை சுருங்குது" என்று பிரகாசியே மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பிரகாசி போனை எடுத்தாள்.

"யாரு, பிரகாசியா? சாப்ட்டியா?" என்றது வடிவக்காவின் குரல்.

"சாப்ட்டேன். எப்படி இருக்கிய அக்கா?"

"எனக்கென்ன, நல்லாருக்கேன். பெட்டி கட்டியாச்சா?"

"சட்டி வெறுமையா வந்திருக்கேக்கா."

"பொங்கல் நல்லா இருந்துச்சு. ஒனக்கு ஏன் வீண் சிரமம்?"

"அதில்லக்கா. ஒண்ணுமே போடாம அனுப்பியிருக்கிய."

"பத்திரமா போய்ட்டு வா. எனக்கு ஒரு குறையும் இல்ல."

பிரகாசி போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தாள். இது வடிவக்கா இல்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மறந்து போயிருந்தது.

அந்த நோய்க்கு ஊர் வைத்த பெயர் ஊமைக் காய்ச்சல். பேசப்பேச நுரையீரல் புண்ணாகும். பேசுகிற மூச்சில்தான் கிருமியும் பறக்கும். அதனால் நோய் கண்டவர்கள் குணமாகும்வரை வாய் திறக்கக் கூடாது என்றார்கள் மருத்துவர்கள். ஆனால் சொந்தபந்தங்கள் விடுவார்களா? போன்மேல் போன் போட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, நோயாளியைப் பேசவைத்தே கொன்றார்கள். அப்போதுதான் பதில்குரல் வந்தது. நோயாளியின் பழைய பேச்சுகளையெல்லாம் கேட்டுப் படித்துக்கொண்டு, அவர் குரலிலேயே, அவர் பேசுவது போலவே போனில் பதில் சொல்லும் இயந்திரம். நோயாளிக்கு ஓய்வு, வீட்டாருக்கு ஆறுதல். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். எத்தனையோ உயிர் அதனால் பிழைத்ததும் உண்மை. முதல் இரண்டு தடவை எல்லாருக்கும் ஒரு மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியபின் மறந்தும் விட்டது.

இத்தனை வாரமாக வடிவக்கா தன்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை என்பது பிரகாசிக்கு இப்போதுதான் உறைத்தது.

வட்டாரக் கண்காணிப்பு அறைக்குப் போன் போட்டாள். எடுத்தவன் முத்துக்கண்ணன் என்று பெயர் சொன்னான். தூக்கமில்லாத குரல்.

"தம்பி, எதிர்வீட்டுக் கதவத் தொறந்து யாராவது பாக்கணும்."

"அந்த வீடு பச்சையில இருக்கும்மா. உடம்புச் சூடு சரியா காட்டுது. நடமாட்டம் இருக்கு. தேவை ஏதும் இல்லைனு தெனமும் சொல்றாங்க."

"சட்டி வெறுமையா வந்திருக்கு."

"என்னது?"

சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, அதற்கே பிரகாசி மனதுக்குள் நன்றி சொன்னாள்.

"அம்மா, செவப்பு விளக்கு எரியிற வீட்டுக்கே அனுப்ப வண்டி பத்தல. பச்சை வீட்டுக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல. நான் எழுதி வைக்கிறேன். திங்கட்கிழமை யாராவது வருவாங்க."

"திங்கட்கிழமையா?"

"துணைப்பிடி இருக்கு. ஆனா அத நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது. உங்களுக்குப் பயண அனுமதி இருக்குனு இங்க காட்டுது."

பூட்டிய கதவு ஒவ்வொன்றின் பக்கத்திலும் கண்ணாடிக்குள் ஒரு கைப்பிடி இருந்தது. நோயாளிக்குத் துணையாக இருக்க விரும்பும் எவரும் கண்ணாடியை உடைத்து அதைத் திருப்பி உள்ளே போகலாம். போகத்தான் முடியும். வீடு சுத்தம் என்று தெரியும்வரை அவரும் வெளியே வர முடியாது. அந்தக் கண்ணாடிகளில் அநேகமாகத் தூசிதான் படிந்திருந்தது.

பிரகாசி மகளைக் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"நெசமாத்தான் சொல்லுதியாம்மா? ஒரு சட்டிக்காகவா?"

"சட்டிக்காக இல்ல மக்கா."

"உள்ள போனா வெளிய வர முடியாதுல்லா?"

"முடியாது."

"அப்ப எனக்கு யாரு இருக்கா?"

பிரகாசி வாசல் வழியே எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

"கேக்குதேன்லா, சொல்லு. நீ எனக்கு அம்மாவா, அந்தப் பொம்பளைக்கு அம்மாவா?"

போன் அறுந்தது. பிரகாசி பெட்டியைத் திறந்து மாதா படத்தை வெளியே எடுத்தாள். மணிக்கணக்காக ஜெபம் சொல்லத் தெரிந்தவள்தான். அன்று ஒரு வரிதான் வந்தது. "எம் பிள்ளைய நீயே பாத்துக்க, தாயே."

முகக்கவசத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். கஞ்சிக்கு நொய்யரிசியும் கொஞ்சம் சீனியும் பொட்டலம் கட்டித் தூக்குச்சட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டாள். அம்மிக்குழவியால் கண்ணாடியில் ஒரு தட்டு. கைப்பிடியைத் திருப்பியதும் இரும்புத் தகடு மேலே போனது. அவள் உள்ளே நுழைந்ததும் பின்னால் இறங்கியது. அந்தச் சத்தத்தோடு அவளுடைய பயண அனுமதி செத்துப்போனது.

வீடு பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அடுப்பங்கரை அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அரிசி டப்பா, பருப்பு டப்பா, புளிப் பானை, கடைசியில் உப்புச் சாடியும். வடிவக்கா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் எலும்புதான் மிச்சம். அருகில் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் மூடி வைக்கப்பட்டிருந்தது. அடுத்த சட்டி வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதற்காக அதைப் பங்கு போட்டு வைத்திருந்தாள் என்று பிரகாசிக்குப் புரிந்தது.

பிரகாசியைப் பார்த்ததும் வடிவக்காவின் கண்கள் முதலில் போனது அவள் கையில் இருந்த தூக்குச்சட்டிக்குத்தான்.

"ஒண்ணுமில்லாம அனுப்பிட்டேன்" என்றாள், காற்றும் குரலுமாக. "பேறுகாலத்துக்குப் போறவளுக்கு. தேடித் தேடிப் பாத்தேன். கோவிச்சுக்காத."

"பேசாதிய. வாயத் தொறக்கப்படாது."

கஞ்சி காய்ச்சிக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். பாதிக் கிண்ணம் உள்ளே போனபிறகுதான் பிரகாசிக்கு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும்.

"செவப்புப் பொத்தான அமுக்கியிருக்கலாம்லா?"

"அது உசிருக்குப் போராடுதவங்களுக்குள்ளது. எனக்குப் பசிதான."

"எனக்காவது ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்லாக்கா?"

"என்னன்னு எழுத? பசிக்குன்னா?"

பிரகாசி கரண்டியை நீட்டினாள். வடிவக்கா அதைக் கையால் தடுத்து, இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் என்பது போல விரலைக் காட்டினாள்.

"யாராவது ஏதும் வேணுமான்னு கேட்டா, ரெண்டாந் தடவ கேக்கையில சொல்லிரணும்னு இருந்தேன். மொதத் தடவையே யாரும் கேக்கல."

முத்துக்கண்ணனுக்கு மறுபடி போன் போனது. நிலைமையைக் கேட்டதும் அவன் விளக்கைச் சிவப்பாக்கினான். நர்ஸ் புறப்பட ஏற்பாடு செய்தான். அதன் பிறகுதான் கேட்டான்.

"அம்மா, தெனமும் காலையில 'சாமான் வேணுமா, டாக்டர் வேணுமா'னு கேட்டுருக்கோம். 'ஒண்ணும் வேண்டாம் தம்பி, எல்லாம் இருக்கு'னு பதில் பதிவாயிருக்கு. அவங்க குரல்தான்."

"யார்ட்ட கேட்டிய?"

"கேக்குறது எங்க இயந்திரம். போனைப் பதில்குரல்தான எடுக்கும். ரெண்டையும் வேற வேற இலாகா வச்சுது."

"அப்ப ஒரு மிஷினு கேட்டிருக்கு, இன்னொரு மிஷினு வேண்டாம்னு சொல்லியிருக்கு."

"அது சும்மா சொல்லாதும்மா. அவங்க பழைய பேச்செல்லாம் கேட்டுத்தான் படிச்சுருக்கு. யாரு எது கேட்டாலும் அவங்க வேண்டாம்னுதான் சொல்லியிருக்காங்க."

"நாம எல்லாருந்தான் சொல்லுதோம்" என்றாள் பிரகாசி. கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க உங்க சித்தி வீட்டுக்குப் போறிய. காப்பி குடிக்கியான்னு கேக்கா. என்ன சொல்லுவிய?"

"வேண்டாம்னு சொல்வேன்."

"பொறவு?"

"சும்மா குடிலேனு கொண்டாந்து வைப்பாங்க." ஒரு நொடி கழித்து, "குடிப்பேன்" என்றான்.

"அந்த ரெண்டாந் தடவதான் தம்பி கேள்வி. மொதத் தடவ கேக்கது மரியாதைக்கு. அத அந்த மிஷினுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல. நானும் இத்தன வாரமா மொதத் தடவையோடதான் நிறுத்திக்கிட்டேன். உங்களச் சொல்லிக் குத்தமில்ல."

அவன் முன்னால் இருந்த திரையில் ஊர் முழுவதும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அம்மா" என்றான். "எங்க அப்பா கோவில்பட்டியில பூட்டுன வீட்டுல இருக்கார். தெனமும் போன் பண்றேன். 'எனக்கென்னடா கொறை, நீ ஒன் வேலையப் பாரு'னுதான் சொல்றார்."

"வச்சிட்டு அங்க யாரையாவது போய்ப் பாக்கச் சொல்லுங்க தம்பி. போங்க."

அந்த வாரம் ஊரெங்கும் பச்சை விளக்குக் கதவுகள் தட்டப்பட்டன. வண்டி போதாத இடங்களில் எதிர்வீட்டுக்காரர்களே கண்ணாடியை உடைத்து உள்ளே போனார்கள். பல கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் நலமாகத்தான் இருந்தார்கள். எதற்கு வந்தாய் என்று ஏசவும் செய்தார்கள். சில கதவுகள் தாமதமாகத் திறந்தன. மாதா கோவில் மணி துக்கத்துக்கு ஒலித்த ஒவ்வொரு தடவையும் பிரகாசி வேலையை நிறுத்தி, பெயர் தெரியாத அந்த ஆத்துமாவுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள். கோவில்பட்டிப் பெரியவர் கீழே விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாராம். பிழைத்துக்கொண்டார் என்று முத்துக்கண்ணன் செய்தி அனுப்பினான். அதன்பிறகு தேவை கேட்கும் வேலையை இயந்திரத்திடமிருந்து பிடுங்கி மனிதர்களிடம் கொடுத்தார்கள். அந்த அழைப்பைப் பதில்குரல் எடுக்கக் கூடாது, வேண்டாம் என்று வந்தால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று புது உத்தரவு.

பிரகாசிக்குக் காய்ச்சல் வரவில்லை. வடிவக்கா மெல்ல மெல்லத் தேறினாள். எல்லாவற்றிலும் பெரிய ஆறுதல் டெல்பின்தான். மறுநாளே ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் சேர்ந்துவிட்டாள். பிரகாசி பயந்து பயந்து போன் செய்தபோது மகளின் குரல் கோபம் தணிந்து குளிர்ந்திருந்தது.

"பரவால்லம்மா. நீ செஞ்சதுதான் சரி. நான் நல்லாருக்கேன், ஒண்ணும் கவலப்படாத."

தினமும் அதே இதம். மாதா தன் ஒற்றை வரி ஜெபத்தைக் கேட்டுவிட்டாள் என்று பிரகாசி உருகிப்போனாள். "பாத்தியளா அக்கா, எம் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று, வடிவக்காவும் கேட்கட்டும் என்று ஒருநாள் போனைச் சத்தமாக வைத்தாள்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த வடிவக்காவின் கை நின்றது. போன் வைக்கப்படும்வரை பொறுத்திருந்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டாள்.

"ஒம் மகளுக்கு எப்ப இருந்து இவ்வளவு பொறுமை?"

பிரகாசி அவளைப் பார்த்தாள். பிரசவ வார்டும் பூட்டிய வார்டுதான். அங்கே இருப்பவர்களுக்கும் தொந்தரவு கூடாதென்று சேர்ந்த அன்றே பதில்குரல் வைத்துவிடுவார்கள். இது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை இரண்டாம் தடவையும் மறந்திருந்தாள். இம்முறை மறக்க விரும்பியே மறந்திருந்தாள்.

சாயங்காலம் முத்துக்கண்ணன் வழக்கம்போலக் கூப்பிட்டான். "ஏதாவது வேணுமாம்மா?"

"ஒண்ணும் வேண்டாம் தம்பி" என்றது வாய், அதுபாட்டுக்கு.

"ரெண்டாந் தடவ கேக்குறேன்மா."

பிரகாசிக்குத் தனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. "எம் மக கொரல ஒருக்கா கேக்கணும்" என்றாள். "அவ கொரல."

அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் மத்தியானம், வடிவக்கா சாப்பிட உட்காரும் நேரத்தில், போன் அடித்தது. கரகரத்துப்போன குரல், கத்திக் கத்தித் தேய்ந்த குரல்.

"இப்பதான் நெனப்பு வந்துச்சா ஒனக்கு?"

பிரகாசி பரிமாறிய கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புள்ள பொறந்து எத்தன நாளாச்சு தெரியுமா? வலியில கெடந்து கத்துதேன், பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. வார்டு கூட்டுத அந்த ஆயாம்மாதான் ராத்திரி முழுக்கக் கையப் பிடிச்சிக்கிட்டு நின்னா. தொடப்படாதுன்னு அவள ஏசுதாவ, அவ விடல. யாரு பெத்த பொம்பளையோ. பெத்தவ நீ எங்க இருந்த? நான் ஒன்ன மன்னிக்கல, தெரிஞ்சிக்க. மன்னிக்கவே மாட்டேன்."

"சரி மக்கா."

"என்ன சரி மக்கா? சிரிக்கியா நீ?"

"இல்ல மக்கா. நீ திட்டு. இன்னும் திட்டு."

கண்ணீர் முகக்கவசத்தை நனைத்தது. இந்த உலகத்தில் எந்த இயந்திரமும் இப்படித் திட்டாது. குரலுக்குப் பின்னால், பசித்த பூனைக்குட்டி போல ஒரு அழுகை கேட்டது. அவள் இதுவரை கேட்டிராத அழுகை.

"பொம்பளப் பிள்ள" என்றாள் டெல்பின், இன்னும் கோபம் தீராமல். கொஞ்சம் விட்டு, "அந்த அக்கா பொழச்சிட்டாவளா?"

"பொழச்சிட்டாவ."

"ம்" என்றாள். "ஒழுங்கா சோறு போடு." பிறகு மறுபடியும் முதலிலிருந்து திட்டத் தொடங்கினாள்.

பிரகாசி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எதிரே வடிவக்கா மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, அலமாரியிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தாள். புதிதாக வந்திருந்த சீனியில் ஒரு பிடி அள்ளி அதில் போட்டாள். போதாதென்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு பிடியும் போட்டு, மூடியை அழுத்தி மூடி, பிரகாசி வெளியே போகும் நாளுக்காகக் கதவோரம் கொண்டுபோய் வைத்தாள்.